பீட்டில் காருக்கு வீட்டிலேயே பிரேக் ஏர் எடுப்பது: முழுமையான வழிகாட்டி

பிரேக் பெடல் மெத்தென்று அமுங்கினால் உடனே ‘ஏர் பிடிச்சிருக்கு’, அதாவது பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது, என்று சொல்லிவிடுவது நம் ஊர் வழக்கம். பழைய வோக்ஸ்வாகன் பீட்டிலைப் பொறுத்தவரை பாதி நேரம் அது ஏர் இல்லை. பெரும்பாலான பீட்டில்களில் நாலு வீலிலும் டிரம் பிரேக்தான். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூ தேயத் தேயப் பெடல் ஆழமாகப் போகும். ஷூவைத் திருகி டிரம்முக்கு அருகில் கொண்டுவர வேண்டிய வேலையை விட்டுவிட்டு நிப்பிளை (ஒவ்வொரு வீலிலும் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகு) திறந்து ஆயிலை வெளியேற்றிக்கொண்டிருந்தால் பெடல் அப்படியேதான் இருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய குழாய்க்குள் காற்று தானாக நுழையாது. எங்கோ கசிந்திருக்க வேண்டும், பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் வற்றியிருக்க வேண்டும், அல்லது யாராவது குழாயைக் கழற்றி மாட்டியிருக்க வேண்டும். காரணத்தைப் பிடிக்காமல் ஏர் மட்டும் எடுத்தால் அடுத்த மாதம் மறுபடியும் காருக்கு அடியில் படுக்க வேண்டிவரும். ஏர் எடுப்பது இந்த வரிசையில் கடைசிக்கு முந்தைய வேலை. அதனால்தான் அந்தக் கட்டம் வருவதற்கே இந்தக் கட்டுரையில் கொஞ்சம் நேரமாகும்.

பெடலை மிதித்துப் பார்த்தல்

என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சாதாரண பீட்டிலில் மிதியை இலகுவாக்கும் வேக்குவம் பூஸ்டர் கிடையாது, அதனால் என்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பெடல் ஒன்றுதான். இன்றைய கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு பீட்டில் பெடல் கல் மாதிரித் தெரியும். அது கோளாறு இல்லை, அதன் இயல்பே அப்படி.

ஒரு தடவை மெதுவாக மிதியுங்கள். காலை எடுத்து உடனே இன்னொரு தடவை மிதியுங்கள். முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் உயரத்திலேயே கெட்டியாக நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி அதிகம் என்று அர்த்தம். ஏர் எடுக்கவே வேண்டியிருக்காது. மிதிக்க மிதிக்க உயர்ந்து வந்தாலும் கடைசியில் கெட்டியாகாமல் ரப்பரை அழுத்துகிற மாதிரி துள்ளினால், உள்ளே காற்று இருக்கிறது. கெட்டியாக நின்ற பெடல், காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால், மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் உருளை) வாஷர் போயிருக்கலாம், இல்லையென்றால் வெளியே எங்கோ கசிகிறது. இந்த மூன்றாவது நிலையில் ஏர் எடுப்பது வீண் வேலை. முதலில் சிலிண்டரைப் பாருங்கள்.

கசிவு தேட இடங்கள் குறைவுதான். நாலு வீலிலும் டிரம்முக்குப் பின்னாலுள்ள தகடான பேக் பிளேட்டின் கீழ் ஓரம், நாலு ரப்பர் ஹோஸ்கள், மாஸ்டர் சிலிண்டர், அதில் திருகியிருக்கும் பிரேக் லைட் சுவிட்ச். பீட்டிலில் பிரேக் லைட்டை எரியவைப்பது பெடல் அல்ல, ஆயில் அழுத்தம். அந்தச் சுவிட்சே கசியத் தொடங்குவது பழைய கார்களில் சகஜம். மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க வாஷர் போனால் ஆயில் தள்ளுகோலை ஒட்டி வந்து பெடலடியில் ஈரமாகத் தெரியும். மேட்டைத் தூக்கிப் பாருங்கள்.

மேட்டைத் தூக்கியபடியே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். பின் வீலுக்குப் போகும் இரும்புக் குழாய் பெரும்பாலான பீட்டில்களில் காருக்குள்ளேதான், நடு டனலை ஒட்டி, கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடுகிறது. கதவு ரப்பர் கிழிந்த கார் மழையில் நின்றால் தண்ணீர் தேங்குவதும் அதே இடத்தில். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் கார் என்றால் குழாயை விரலால் தடவிப் பாருங்கள். மேலே படிந்த துரு தேய்த்தால் போய்விடும். குழி விழுந்திருந்தால் குழாயை மாற்றாமல் மேலே போகாதீர்கள்.

நம் காற்றும் பிரேக் ஆயிலும்

நாம் பிரேக் ஆயில் என்று சொல்வது உண்மையில் எண்ணெயே இல்லை. டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் வகைத் திரவங்கள். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் அவற்றுக்கு உண்டு. புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரம்பு 140 டிகிரி. டாட் 4-க்கு இதே எண்கள் 230, 155. மலையிறக்கத்தில் பிரேக் சூடேறும்போது இந்த வித்தியாசம் காலில் தெரியும். உள்ளே நீர் கொதித்து ஆவியானால் ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும்.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் எங்கள் கன்னியாகுமரி. போதாக்குறைக்குப் பக்கத்திலேயே கடல். வருடம் முழுக்கக் காற்றில் ஈரம்தான். ஊர் ஊராக ஓடும் காருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வார்கள். என் அபிப்பிராயம், இங்கே ஷெட்டில் நின்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் கார் என்றாலும் வருடம் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. ஓடாமல் நிற்கும் காரில்தான் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் உள்ளே துருப்பிடித்து பிஸ்டன் இறுகுகிறது. ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே மழையில்லாத ஒரு காலை நேரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

டாட் 4 வாங்குங்கள், போதும். டாட் 3 இருக்கும் காரில் டாட் 4 கலந்தாலும் தொந்தரவில்லை. டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு. அது சிலிக்கான் வகை, இதோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 என்று எழுதியிருந்தால் அது மறுபடியும் கிளைக்கால்தான். பெயர் வைத்தவர்களைத்தான் நொந்துகொள்ள வேண்டும். என்ஜின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில், கிரீஸ் எதுவும் உள்ளே போகக்கூடாது. பிரேக் ரப்பர் எல்லாம் ஊதிப் பெருத்துவிடும், அப்புறம் எல்லா வாஷரும் ஹோஸும் மாற்ற வேண்டியதுதான். அரை லிட்டர் பாட்டில் இரண்டு, சீல் உடையாததாக வாங்குங்கள். போன வருடம் திறந்து மிச்சம் வைத்தது வேண்டாம்.

என்னென்ன வேண்டும்

நிப்பிளுக்கு 7 எம்எம் ரிங் ஸ்பேனர். சாதாரண செட்டில் 6-7 என்று வரும் சின்னது. பல கைகள் மாறிய காரில் யாராவது வேறு நிப்பிள் போட்டு 8, 9 அல்லது 10 ஆக இருக்கலாம், அதனால் எல்லாவற்றையும் பக்கத்தில் வையுங்கள். மீன் தொட்டி ஏர் பம்புக்குப் போடும் ஒளி ஊடுருவும் டியூப் ஒரு மீட்டர், நிப்பிள் மேல் இறுக்கமாக உட்காரும் அளவில். ஒரு கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாட்டில். ஷூ திருக நீளமான திருப்புளி. வீல் ஸ்பேனர், ஜாக்கி, குறைந்தது இரண்டு ஸ்டாண்ட். வேஸ்ட் துணி, ஒரு பக்கெட் தண்ணீர், கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. ஒன்று ஒன்றரை அங்குல உயரமுள்ள மரக்கட்டை ஒன்று. இது எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

பக்கெட் தண்ணீர் எதற்கு என்றால், பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். பீட்டிலில் ஆயில் டப்பா முன் பானட்டுக்குள் இருக்கிறது. ஊற்றும்போது ஒரு சொட்டு விழுந்தாலும் துடைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துடைத்தால் பரவும், தண்ணீரில் கரைந்து போய்விடும்.

காரைத் தூக்குவது

இந்த வேலையில் உயிராபத்து அதிகம் இருக்கும் கட்டம் இதுதான். சமதளமான சிமென்ட் தரை வேண்டும். தென்னந்தோப்பு மணலில் ஜாக்கி வைக்க நேர்ந்தால் அடியில் தடித்த பலகை போடுங்கள், செங்கல் வேண்டாம், செங்கல் எச்சரிக்கை தராமல் உடையும்.

கை பிரேக் பின் வீலை மட்டும் பிடிக்கும். கியர் போட்டாலும் நிற்பது பின் வீல்தான், ஏனென்றால் என்ஜின் பின்னால் இருக்கிறது. ஆகவே பின்பக்கத்தைத் தூக்கும்போது காரைத் தடுத்து நிறுத்துவது முன் வீலுக்குக் கொடுத்த கட்டை ஒன்றுதான். இரண்டு முன் வீலுக்கும் முன்னும் பின்னும் ரப்பர் மரக்கட்டையோ பெரிய கல்லோ கொடுங்கள். வீல் போல்ட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டு அப்புறம் தூக்குங்கள்.

காரோடு வந்த ஜாக்கியைப் பக்கவாட்டு ஓட்டையில் மாட்டித் தூக்குவது பஞ்சர் போடத்தான். அந்த ஓட்டை இருக்கும் தகடு துருப்பிடித்திருந்தால் ஜாக்கி உள்ளே மடிந்துவிடும். தரை ஜாக்கி இருந்தால் பின்னால் டார்ஷன் பார் குழாய்க்கு (பின் சஸ்பென்ஷனின் குறுக்குக் குழாய்) அடியில் கொடுங்கள். என்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ அடியில் கொடுக்காதீர்கள். முன்னால் அச்சுக் குழாய்க்கு அடியில். 1302, 1303 மாடல்களில் முன்பக்கம் அந்தக் குழாய் இருக்காது, ஸ்ட்ரட் சஸ்பென்ஷன். அதற்கான இடத்தைப் பார்த்துக் கொடுங்கள். ஸ்டாண்ட் கொடுத்தபின் காரை ஒரு தடவை நன்றாக அசைத்துப் பாருங்கள். விழுவதென்றால் நீங்கள் உள்ளே போவதற்கு முன்னால் விழட்டும்.

முதலில் ஷூவை இறுக்குங்கள்

இதைச் செய்யாமல் ஏர் எடுப்பவர்கள்தான் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீல் சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் இருக்கின்றன. ஷூ தளர்ந்திருந்தால் பெடலை மிதிக்கும்போது பிஸ்டன்கள் வெளியே நெடுந்தூரம் போகும், திரும்பி வரும். நிப்பிள் வழியாகப் போக வேண்டிய ஆயில் சிலிண்டருக்குள்ளேயே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும், குமிழியும் அதோடு ஆடும். ஷூவை டிரம்மோடு முழுதாக இறுக்கிவிட்டால் பிஸ்டன் நகர இடமில்லை. மிதித்த ஆயில் நேராக நிப்பிளுக்குத்தான் போகும்.

ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் பல் வைத்த இரண்டு திருகுகள் உண்டு. 1960-களின் நடுப்பகுதி வரை வந்த கார்களில் டிரம்மில் உள்ள ஓட்டை வழியாகத் திருப்புளியை விட வேண்டும். பிந்தைய கார்களில் பின்பக்கம், பேக் பிளேட்டில் ரப்பர் மூடியைக் கழற்றினால் தெரியும். இரண்டு திருகும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். ஒன்றை இப்படித் திருப்பி இறுகினால் மற்றதை அப்படித் திருப்ப வேண்டும். டிரம்மைக் கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொன்றாக, கை நிற்கும் வரை இறுக்குங்கள். இடையில் ஒரு தடவை பெடலை மிதித்துவிட்டு மறுபடியும் பாருங்கள், ஷூ நடுவில் உட்கார்ந்து இன்னும் இரண்டு பல் இடம் கிடைக்கும்.

பின் வீல் ஷூவைத் திருகத் தொடங்குவதற்கு முன்பே கை பிரேக் கேபிளைத் தளர்த்தியிருக்க வேண்டும். லீவரின் அடியில், காருக்குள்ளேயே இரண்டு கேபிள் நட்டுகள் இருக்கின்றன. கேபிள் இழுத்துக்கொண்டிருந்தால் ஷூ திருகியது போலத் தெரியும், உண்மையில் திருகியிருக்காது.

திருக வராத திருகு என்றால் டிரம்மைக் கழற்றித்தான் ஆக வேண்டும். முன் டிரம் சுலபம். பின் டிரம் 36 எம்எம் நட்டில் நிற்கிறது. அதை அவிழ்க்க நீண்ட குழாயும் நல்ல உடம்பும் தேவை, அது தனி வேலை. டிரம்முக்குள் தூசியை மட்டும் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்துத் துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள்.

தள்ளுகோல் இடைவெளி

சின்ன விஷயம், ஆனால் பலர் மணிக்கணக்கில் மிதித்தும் ஆயில் வராததற்கு இதுவே காரணமாக இருக்கும். பெடலிலிருந்து வரும் தள்ளுகோலுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் இடையே சுமார் 1 எம்எம் இடைவெளி இருக்க வேண்டும். காலால் மிதிக்காமல் கையால் பெடலை அழுத்தினால், அழுத்தம் பிடிப்பதற்கு முன் அது லேசாக ஆட வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும் சின்னத் துளை மூடியபடியே இருக்கும். கார் ஓடும்போது பிரேக் தானாகப் பிடித்துச் சூடேறுவதும் இதனால்தான். பெடலின் கீழுள்ள ஸ்டாப் தகட்டைத் தளர்த்தி நகர்த்திச் சரிசெய்யுங்கள். தடித்த மேட் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டு அது பெடலைத் தடுக்கிறதா என்பதையும் பாருங்கள்.

டப்பா மூடியில் ஒரு காற்றுத் துளை இருக்கும். தூசி அடைத்திருந்தால் ஊசியால் குத்திவிடுங்கள். காரின் வருடத்தைப் பொறுத்து டப்பா ஸ்டெப்னிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஸ்டெப்னியை வெளியே எடுக்கும்போது அதிலிருந்து வைப்பர் தண்ணீர் டப்பாவுக்கு ஒரு காற்றுக் குழாய் போனால் முதலில் அதைக் கழற்றுங்கள். கண்ணாடி கழுவும் தண்ணீரை ஸ்டெப்னி காற்றால் பீய்ச்ச வைத்த கார் இது. ஜெர்மன்காரர்களுக்கு மோட்டார் வைக்க மனது வரவில்லை போலிருக்கிறது.

டப்பாவில் பழைய ஆயில் கறுத்திருந்தால் ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, அடியில் சகதி இருந்தால் துணியால் துடைத்து, புது ஆயில் ஊற்றுங்கள். அந்தக் கறுப்பை ஏன் முழுக் குழாய் வழியாகவும் அனுப்ப வேண்டும்?

நிப்பிளை அவிழ்ப்பது

முந்தின நாள் இரவே நாலு நிப்பிளுக்கும் துரு நீக்கி அடித்து வைத்துவிடுங்கள். காலையில் கம்பி பிரஷால் சுத்தம் செய்து, முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூல் அழுத்தி, பிறகு அவிழ்க்கும் திசையில். திறந்த ஸ்பேனர் போடாதீர்கள், தலை உருண்டுவிடும். ஆறு பக்க ரிங் அல்லது சாக்கெட் மட்டும். உடைந்தே போனால் துளையிட்டு எடுக்கப் போராடுவதைவிட வீல் சிலிண்டரையே மாற்றிவிடலாம். பீட்டில் உற்பத்தி 2003-ல் மெக்சிகோவின் புயெப்லாவில் நின்றுபோனாலும், 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் செய்த காருக்கு சிலிண்டர் இன்னும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் நேராகக் கிடைப்பது கஷ்டம், தபாலில் வரவழைக்க வேண்டியிருக்கும். அதனால் உடைவதற்கு முன்பே ஒரு செட் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். முன், பின் சிலிண்டர் அளவுகள் வேறு, வருடத்துக்கு வருடமும் மாறும். பழையதில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

எந்த வீல் முதலில்

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து குழாய் எது மிக நீளமோ அது முதலில், மிகக் குட்டையானது கடைசியில். பழைய கைநூல்களில் பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது என்று இருக்கும். அது இடதுபக்க ஸ்டியரிங் காருக்கு எழுதியது. வலதுபக்க ஸ்டியரிங் காரில் மாஸ்டர் சிலிண்டரும் வலதுபக்கம் வந்துவிடுவதால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று போங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த இடது ஸ்டியரிங் கார் வைத்திருப்பவர்கள் பழைய வரிசையையே பிடிக்கலாம். சந்தேகமென்றால் அடியில் படுத்துக் குழாயைக் கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

1966-க்கு முந்தைய கார்களில் நாலு வீலுக்கும் ஒரே சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தால் மொத்தப் பிரேக்கும் போய்விடும். அதற்குப் பின் பல சந்தைகளுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்று வந்தது. டப்பாவில் இரண்டு அறை இருந்தால் உங்களுடையது அந்த வகை. இரண்டு அறையையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

சவுட்டு, பிடி, விடு

இனித்தான் ஏர் எடுப்பது. சவுட்டு என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் மிதி. இரண்டு பேர் வேண்டும். பெடலில் உட்காருபவருக்கு ஒரு குணம்தான் தேவை, சொன்னதற்கு மேல் செய்யாமல் இருப்பது. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் அவன் பந்தயம் ஓட்டுகிற மாதிரி பெடலை அடிப்பான். முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: “மக்கா, நான் சொன்னா மட்டும் சவுட்டு. மெதுவா. விடுன்னு சொல்லாம காலை எடுக்காத.” ஒவ்வொரு கட்டளைக்கும் அவன் பதில் குரல் கொடுக்க வேண்டும். “சவுட்டியாச்சு அண்ணே” என்று கேட்காமல் நிப்பிளைத் திறக்காதீர்கள்.

பெடலுக்கு எதிரே சரிந்திருக்கும் தகட்டில் அந்த மரக்கட்டையை வையுங்கள், பெடல் கடைசி வரை போகாமல் அதில் மோதி நிற்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் அன்றாடம் பாதி தூரம்தான் ஓடும். மீதித் தூரத்தில் வருடக்கணக்கில் துருவும் சகதியும் உட்கார்ந்திருக்கும். ஏர் எடுக்கிறேன் என்று கடைசி வரை மிதித்தால் வாஷர் அந்தத் துருவின் மேல் ஏறிக் கிழியும். ‘ஏர் எடுத்ததும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது’ என்று கேள்விப்படுவதெல்லாம் பெரும்பாலும் இப்படி நடந்ததுதான்.

நிப்பிளில் ரிங் ஸ்பேனரை மாட்டிவிட்டு அதன் மேல் டியூபைச் சொருகுங்கள். டியூபின் மறுமுனை பாட்டிலில் உள்ள கொஞ்சம் ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். டியூப் நிப்பிளிலிருந்து முதலில் மேல்நோக்கிப் போய் அப்புறம் வளைந்து இறங்கினால் குமிழி நன்றாகத் தெரியும், திரும்பி உள்ளே போகவும் செய்யாது.

சவுட்டு: பையன் இரண்டு மூன்று தடவை மெதுவாக மிதித்து, கடைசி மிதியில் அழுத்திப் பிடித்து நிற்கிறான். குரல் கொடுக்கிறான்.

பிடி: நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று, அதிகபட்சம் அரைச் சுற்று திறக்கிறீர்கள். ஆயில் வரும், பெடல் கட்டை வரை இறங்கும். இறங்கினாலும் கால் அழுத்தியபடியே இருக்க வேண்டும். ஓட்டம் நிற்பதற்கு முன்பே நிப்பிளை மூடுங்கள்.

விடு: மூடிய பிறகுதான் இந்தச் சொல். காலை மெதுவாக எடுக்க வேண்டும், படக்கென்று விடக்கூடாது. இரண்டு மூன்று வினாடி பொறுத்து அடுத்த மிதி. அந்த இடைவெளியில்தான் டப்பாவிலிருந்து ஆயில் சிலிண்டருக்கு இறங்குகிறது.

இதே சுற்றைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். முதலில் கறுப்பாக வரும், குமிழி வரும், பிறகு தேன் நிறம், பிறகு புது ஆயிலின் நிறம். குமிழி நின்ற பிறகும் இன்னும் இரண்டு சுற்று. வேகமாக மிதித்தால் ஆயிலில் பொடிப்பொடியாக நுரை கலந்து எடுக்கவே முடியாமல் போகும். அப்படி ஆகிவிட்டால் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். அது வற்றி மாஸ்டர் சிலிண்டர் காற்றை உறிஞ்சினால் முதல் வீலிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். மூன்றாவது ஆள் யாராவது இருந்தால் டப்பா அவர் பொறுப்பு.

ஒவ்வொரு வீலும் முடிந்ததும் நிப்பிளை மெதுவாக இறுக்குங்கள். அது சின்னத் திருகு, சின்ன ஸ்பேனரை விரலால் இழுக்கும் பலம் போதும். ரப்பர் மூடியை மறக்காமல் மாட்டுங்கள், அது இல்லையென்றால் நம் மழையில் அடுத்த முறை நிப்பிள் அவிழாது.

ஆள் கிடைக்காதபோது

டப்பாவை நிரப்பி, மூடியைத் தளர்த்தி வைத்து, ஒரு நிப்பிளைத் திறந்துவிட்டால் ஆயில் தன் எடையிலேயே மெல்ல இறங்கும். ஒரு வீலுக்கு அரை மணி நேரம்கூட ஆகலாம், ஆனால் வாஷருக்கு எந்தச் சேதமும் இல்லை. பொறுமைசாலிகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். டப்பா வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். நிப்பிளிலிருந்து உறிஞ்சும் கை பம்பும் கிடைக்கிறது. ஆனால் திறந்த நிப்பிளின் மரை இடுக்கு வழியாகவே அது காற்றை இழுத்து, குமிழி நிற்காமல் வருவதாகக் காட்டும். அதை நம்பி லிட்டர் கணக்கில் ஆயிலை வீணாக்க வேண்டாம்.

ஏர் போகவே மாட்டேன் என்கிறதா

புது மாஸ்டர் சிலிண்டர் போட்டிருந்தால் அதற்குள்ளேயே காற்று தங்கியிருக்கும். அதை மாட்டுவதற்கு முன்பே வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, குமிழி நிற்கும் வரை பிஸ்டனைத் தள்ளி எடுக்க வேண்டும். மாட்டிய பிறகென்றால், அதிலிருந்து கிளம்பும் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாக, பெடல் மிதித்திருக்கும்போது லேசாகத் தளர்த்தி இறுக்குங்கள். கீழே துணி பிடித்துக்கொள்ளுங்கள்.

முன்னால் டிஸ்க் பிரேக் உள்ள கார் என்றால் காலிப்பரில் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இடதும் வலதும் மாற்றி மாட்டினால் நிப்பிள் கீழே போய்விடும், காற்று மேலேயே நிற்கும், ஆயுள் முழுக்க மிதித்தாலும் வராது.

ஒரு வீலில் மட்டும் ஆயில் சொட்டுச் சொட்டாக வந்தால் அந்த ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கும். வெளியே பார்க்கப் புதிது மாதிரி இருக்கும். பிரேக் விட்ட பிறகும் அந்த வீல் மட்டும் பிடித்துக்கொண்டே இருந்தாலும் இதுவே காரணம். நாலையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள், வயது நாலுக்கும் ஒன்றுதானே.

ஷூவைத் தளர்த்துவது, ஓட்டிப் பார்ப்பது

எல்லாம் முடிந்ததும் இறுக்கி வைத்த ஷூக்களை மறக்காமல் தளர்த்த வேண்டும். ஒவ்வொரு திருகையும் மூன்று நாலு பல் பின்னால் திருப்பி, டிரம் தடையில்லாமல் சுற்றும் வரை. லேசாக எங்கோ உரசும் சத்தம் இருந்தால் பரவாயில்லை. பிறகு கை பிரேக் கேபிளை இறுக்குங்கள். லீவரை நாலு பல் இழுத்தால் பின் வீலைக் கையால் சுற்ற முடியக்கூடாது, இறக்கினால் தாராளமாகச் சுற்ற வேண்டும்.

கட்டையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் முழு பலத்தோடு பெடலை அழுத்திப் பிடியுங்கள். இறங்கக் கூடாது. அழுத்தியபடியே இன்னொருவர் நாலு நிப்பிளையும் ஹோஸையும் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். பிரேக் லைட் எரிகிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். டப்பாவை அளவுக்கு நிரப்பி மூடுங்கள். வீல் போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள்.

முதல் ஓட்டம் வீட்டு முற்றத்தில், நடக்கும் வேகத்தில். அடுத்தது ஆள் குறைவான ஊர்ச்சாலையில், பின்னால் வண்டி வராதபோது, முப்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து சில தடவை. ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கத்து ஷூவில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கலாம், அல்லது அந்தப் பக்கத்துப் பிஸ்டன் இறுகியிருக்கலாம். மார்த்தாண்டம் நெரிசலுக்கும் நாலுவழிச் சாலைக்கும் இதெல்லாம் தேறிய பிறகு போகலாம்.

பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் ஏறி இறங்கத் திட்டமிருந்தால் இறக்கத்தில் கியரைக் குறைத்து என்ஜினால் பிடியுங்கள். டிரம் சூடேறினால் இரண்டு விதமாகக் காட்டும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் லைனிங் சூடு, ஓரம் நிறுத்தி ஆற விட்டால் திரும்பிவிடும். பெடல் மெத்தென்று இறங்கினால் ஆயில் கொதித்துவிட்டது, கியரிலும் கை பிரேக்கிலும் வண்டியை நிறுத்துங்கள், ஆறிய பிறகும் அந்த ஆயிலை நம்ப வேண்டாம். தண்ணீர் தேங்கிய சாலையைக் கடந்த பின் பெடலை லேசாகத் தொட்டபடி கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மைக் காயவைப்பதும் மழைக்காலத்தில் பழகிக்கொள்ள வேண்டியது.

கழித்த ஆயிலைக் கிணற்றடியிலோ வாழைக்கு அடியிலோ ஊற்றாதீர்கள், அது விஷம். மூடி போட்ட பாட்டிலில், மேலே எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் வைத்து, பழைய ஆயில் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் என்ஜின் ஆயிலோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். அன்று இரவு நாலு வீலுக்கு அடியிலும் மாஸ்டர் சிலிண்டருக்கு அடியிலும் அட்டையோ பழைய நாளிதழோ விரித்துவிட்டுக் காரை நிறுத்துங்கள். காலையில் அதில் ஒரு ஈரப்பொட்டு இருந்தாலும் அதற்கு நேர் மேலே பார்த்துவிட்டு அப்புறம் சாவியைப் போடுங்கள்.